மாப்பிள்ளை ஒதுக்கிய இடம்

பழமலைநாதர் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, எரிகிற சூளையின் கதவில் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எதையும் கூட்டவில்லை. ஓரிரு இடங்களில் குறைத்திருக்கிறேன். அது மாப்பிள்ளையின் மரியாதையை உத்தேசித்து.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்னப் பீங்கான் பட்டறை. வீடும் அதை ஒட்டித்தான். கப்பும் சாசரும் செய்வோம். கேட்டவர்களுக்குப் படம் போட்டும் கொடுப்போம். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்கென்று உள்ள தாளில் அச்செடுத்து, கப்பில் ஒட்டிச் சூளைக்குள் வைத்தால் இரண்டும் ஒன்றாக வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தத் தூளைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர், புதுச்சேரியில் மூடிவிட்ட ஒரு அச்சகத்திலிருந்து வந்தது. விற்றவர் அதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லவே விடவில்லை. "இது ஒர்க்ஸ்டேஷனுங்க. சாதா கம்ப்யூட்டரு பக்கத்துல வெச்சா இதுக்குக் கோவம் வரும்" என்றார். நாங்களும் ஒர்க்ஸ்டேஷன் என்றே மரியாதையாகக் கூப்பிட்டோம். உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஆயுத பூஜைக்குச் சூளைக்கு வைப்பதைவிடப் பெரிய குங்குமப் பொட்டு அதற்குத்தான்.

அதன் டிஸ்க்கைப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் பாகத்தில் மிஷினின் சொந்தச் சாமான்கள். இரண்டாவது பாகத்தில் எங்கள் படங்கள் எல்லாம்: கொடி, பூ, மயில், கும்பம், கல்யாண ஜோடி. மூன்றாவது பாகம் பொடிசு. அதற்கு ஸ்வாப் என்று பெயர். கடைசியில் யாருக்கும் ஒதுக்காத காலி இடம் கொஞ்சம் கிடந்தது.

ஸ்வாப் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பட்டறையில் சக்கரத்தில் உட்காருகிறவர் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். பலகை நிறைந்துவிட்டால், உடனே தேவைப்படாத, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளைப் பின்னறை அலமாரியில் கொண்டுபோய் வைப்போம். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருவோம். கம்ப்யூட்டருக்குப் பலகைதான் மெமரி, அலமாரிதான் ஸ்வாப். எங்கள் மிஷினுக்குப் பலகையும் சின்னது, அலமாரியும் சின்னது.

அதனால் கொஞ்சம் பெரிய படத்தைத் திறந்தால் போதும், அது பலகைக்கும் அலமாரிக்கும் ஓட ஆரம்பித்துவிடும். மயில் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் மங்கலம்பேட்டைக்குப் போய் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுத் திரும்பினால், திரையில் கொண்டை மட்டும் வந்திருக்கும். டிஸ்க் உள்ளே அலைகிற அலைச்சலில் மேஜை நகரும். காலையில் சுவரோரம் இருந்த மேஜை மத்தியானம் வாசற்படிக்கு வந்துவிடும். வயர் நீளம் போதாததால்தான் அது தொழிற்பேட்டையைத் தாண்டவில்லை. அந்த அதிர்வை வீணாக்குவானேன் என்று மிஷின் மேல் சல்லடையை வைத்தோம். களிமண் தூள் தானாகச் சலித்தது. சூட்டில் பச்சைக் கப்புகள் காய்ந்தன. இவ்வளவு உதவியும் செய்துவிட்டு, கடைசியில் மெமரி போதவில்லை என்று ஒரு வரி எழுதிப் படத்தை மூடிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மங்கலம்பேட்டை பாய் வந்தார். வளைகுடாவில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பஜாரில் கடை திறக்கப் போகிறார். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கப்பு. அதில் பாய்மரக் கப்பலும் பேரீச்ச மரமும் இருக்க வேண்டும். எங்களிடம் படம் வரைகிற கொளஞ்சிநாதன் பக்கத்தில் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த ஓலை அப்படித் தொங்காதுங்க, நா தெனம் பாத்த மரம்" என்று ஒவ்வொரு ஓலையாகச் சொல்லி வரைய வைத்தார். மரம் வளர வளரப் படமும் பெருத்தது. முடிந்த அன்று மிஷின் அதைத் திறக்க மறுத்துவிட்டது.

அதே வாரம் ஆடி விருந்துக்கு மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை பேர் சக்கரபாணி. எங்கள் மகள் பூங்கோதையை அவருக்குக் கொடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று தரகர் சொன்னார். அங்கே என்ன வேலை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையாக வரப்போகிறவரிடம் அதைக் கேட்பது, கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சமம். மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லவில்லை. கேட்காததை எப்படிச் சொல்வார்கள்?

"மாப்ள, ஒர்க்ஸ்டேஷனுக்கு ஒடம்பு சரியில்ல. சும்மா ஒரு பார்வ பாத்தீங்கன்னா போதும்" என்றேன்.

மாப்பிள்ளையின் முகம் சுடாத கப்பு நிறத்துக்குப் போனது. "நானுங்களா மாமா?" என்றார்.

"பின்ன யாரு? கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு நா நெய்க்கு ஏன் அலையணும்?"

என் சம்சாரம் திரௌபதி சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "மாப்ளைக்கு அதெல்லாம் தூசு. மொதல்ல இன்னொரு வடை வைக்கட்டுமான்னு கேளுங்க" என்றாள். அவள் மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம், இல்லாவிட்டால் தூணிடம், சொல்வாள். வடை மட்டும் நேராக வந்துவிடும்.

மறுநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தபோது கக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கியிருக்கிறார். பெரிய டாக்டர்கள் புத்தகம் பார்த்துத்தான் கத்தியை எடுப்பார்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். அவர் ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "மெமரியப் போல ரெண்டு மடங்கு ஸ்வாப் இருக்கணும் மாமா. கடைசில காலி எடம் கெடக்குது. அதப் பாகமாக்கி ஸ்வாப்புக்குக் குடுத்துட்டா சரியாயிடும்" என்றார். சரியான யோசனைதான். அதைக் கேட்டுத் திரௌபதிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்று பூங்கோதை சொன்னது பொய்.

காலி இடத்தை நாலாவது பாகமாக்கினார். அதுவும் சரி. அடுத்தது, நாலாவது பாகத்தை ஸ்வாப்பாக மாற்று என்று ஒரு வரி அடிக்க வேண்டும். அவர் அடித்தபோது விரல் தவறி, நாலு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு விழுந்தது.

பின்னால் நின்றிருந்த கொளஞ்சிநாதன் அதைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். ரெண்டு என்றால் எங்கள் படங்கள் இருக்கும் பாகம். ஆனால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, அது தப்பு என்று எப்படிச் சொல்வது? எங்கள் வம்சத்தில் அதுவரை எந்த மாப்பிள்ளையையும் யாரும் திருத்தியதில்லை. என் சித்தப்பா வீட்டு மாப்பிள்ளை ஒருவர் மங்களூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது மெட்ராஸுக்குத்தான் போகிறது என்று சாதித்தபோது, சித்தப்பா டிரைவரிடம் கெஞ்சி அந்த பஸ்ஸை மெட்ராஸுக்கு ஓட்ட வைத்தார்.

கொளஞ்சிநாதன் இருமினார். மாப்பிள்ளை திரும்பவில்லை. கொஞ்சம் பலமாக இருமினார். நானும் இருமினேன். வாசலில் கப்பு அடுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள், விஷயம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து இருமினாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "களிமண்ணு தூசி போலருக்குது. சுக்கு காப்பி குடிங்க மாமா" என்றார். என்டரை அழுத்தினார்.

விண்டோஸாக இருந்தால் நிஜமாகவா, நிஜமாகவா என்று ஏதாவது கேட்டிருக்கும். எங்கள் ஒர்க்ஸ்டேஷன் மாப்பிள்ளையை மறுபேச்சுப் பேசாது. செய்து முடித்துவிட்டது.

அன்று மத்தியானம் மட்டும் அந்த மிஷின் ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்திரிகையோடு வந்த சிடியில் ஒரு பெரிய மலைப் படம் இருந்தது. அதைத் திறக்கலாம் என்று நான் மனதில் நினைத்தேன். மவுஸைத் தொடுவதற்குள் மலை வந்துவிட்டது. மேஜை அசையவில்லை. சல்லடை சும்மா கிடந்தது. திரௌபதி பாயசம் கொடுத்தனுப்பினாள். அலமாரி அவ்வளவு பெரியதாகிவிட்டதே! எங்கள் மயிலும் கும்பமும் கல்யாண ஜோடிகளும் இருந்த அறையைத்தான் அலமாரி ஆக்கியிருக்கிறோம், மலையைத் திறக்கத் திறக்க அது மயில் மேலேயே சாமானை அடுக்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கும் கொளஞ்சிநாதனுக்கும் தெரியும். நாங்கள் பாயசத்தைக் குடித்தோம்.

மிஷினை நிறுத்தி மறுபடி போட்டதும், படங்கள் இருந்த பாகத்தைக் காணவில்லை என்று எழுதிக் காட்டியது. அப்போதுதான் மாப்பிள்ளைக்குப் புரிந்தது.

அவர் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். விளம்பரங்களையும் விடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது, "வேல நடந்துக்கிட்டு இருக்குது மாமா" என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவருடைய காது மடல் சிவந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த சூளை வெப்பமானி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் மற்றவர்களை மண் அரைக்கிற அறைக்குக் கூப்பிட்டேன். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. மாப்ள வெக்கப்பட்டு இந்த வாசப்படிய இனிமே மிதிக்கலன்னா என்னா ஆவறது? தல தீபாவளி வருது. மாப்ள இல்லாத தல தீபாவளின்னா ஊரு என்னா பேசும்? நம்ம பொண்ணு மூஞ்சிய எங்க வெச்சிக்கும்?" என்றேன்.

"படம் போனா வரைஞ்சிக்கலாம்" என்றாள் திரௌபதி. "மாப்ள போனா வரைய முடியுமா?"

வரைகிறவரான கொளஞ்சிநாதன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பேரீச்ச மரத்தில் அவருடைய கண் பாதி போயிருந்தது. இருந்தாலும், "நா எதையும் பாக்கலீங்க" என்றார்.

மறுநாள் பாய் வந்துவிட்டார். கப்பல் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. மாப்பிள்ளை மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பூங்கோதை அவருக்கு டீ கொண்டு வந்திருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"பாய், ஒரு தப்பு நடந்துபோச்சு. படம் அழிஞ்சிடுச்சு. நாந்தான் அழிச்சேன். எதையோ அமுக்கிட்டேன்."

பாய் வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து திரௌபதி தூணிடம் சொன்னாள்: "அவர் மேல தப்பில்ல. நாந்தான் ஈரத் துணி போட்டுத் தொடச்சேன். கொஞ்சம் அழுத்தித் தொடச்சிட்டேன்."

"இல்லீங்க, நா கிட்ட நின்னு தும்மிட்டேன்" என்றார் கொளஞ்சிநாதன்.

"நாங்கூட அந்தப் பக்கமா ஒரு தரம் நடந்து போனேங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒரு கப்பல முழுவடிக்க இவ்ளோ பேரா?" என்றார்.

அப்போது மாப்பிள்ளை எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

"பாய், யாரும் அழிக்கல. நாந்தான். நம்பர மாத்தி அடிச்சிட்டேன். எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. எங்க கம்பெனில நா கேண்டீன் பாக்குறேன். காலைல இட்லி சரியா வந்துச்சா, சாம்பார் ஊசாம இருக்குதா, அதான் என் வேல. மாமா கேட்டப்ப தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. அவ்ளோதான்."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் மட்டும் சும்மா இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"பாத்தீங்களா பாய்!" என்றேன். "எங்க மாப்ளையோட பெருந்தன்மைய! எங்க மானத்தக் காப்பாத்த, பழிய எடுத்துத் தன் தலைல போட்டுக்கிறாரு. இதுக்காவ ஒரு கேண்டீனையே உண்டாக்கிட்டாரு!"

"மாமா, நெசமாதான்..."

"போதும் மாப்ள, போதும். எங்களுக்கு இதுக்கு மேல பாரம் ஏத்தாதீங்க."

திரௌபதி கதவுக்குப் பின்னால் விசும்பினாள். பாய் போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! மாஷா அல்லா" என்றார். மாப்பிள்ளை ஏதோ சொல்லப் பார்த்தார். பாயின் தோளில் முகம் அழுந்தியிருந்ததால் கேட்கவில்லை.

பாய் கிளம்பும்போது வாசலில் என்னிடம், "கப்ப வெள்ளையாவே குடுத்துடுங்க. அதையாவது யாரும் அழிக்க முடியாது" என்றார்.

சூளைக்குள் சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க நாங்கள் மண்ணால் செய்த ஒரு கூம்பை உள்ளே நிறுத்தி வைப்போம். உரிய சூடு வந்ததும் அது தலையைக் குனியும். குனிந்தால் குனிந்ததுதான், திரும்ப நிமிராது. மாப்பிள்ளையின் கழுத்து அன்று அப்படிக் குனிந்தது. சாப்பிடும்போது இலையைப் பார்த்தார். பேசும்போது எங்கள் கால் விரல்களைப் பார்த்துப் பேசினார். ஆடி விருந்து போட்டோவில் எல்லோருக்கும் முகம் இருக்கிறது. அவருக்கு உச்சி வகிடு இருக்கிறது. கோயிலுக்குப் போனோம், கோபுரத்தை அவர் குளத்துத் தண்ணீரில் பார்த்துக் கும்பிட்டார்.

ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பது வழக்கம் என்பதால் பூங்கோதை எங்களோடு தங்கினாள். மாப்பிள்ளை மட்டும் ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தலை நிமிராததால் அவர் பஸ்ஸின் போர்டைப் பார்க்கவில்லை. டயரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். அது சேத்தியாத்தோப்புக்குப் போகிற டவுன் பஸ். அப்போதும் நான் சொல்லவில்லை. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சேத்தியாத்தோப்பில் எல்லோரும் இறங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கும்பகோணத்திலிருந்து வருகிற சென்னை பஸ்ஸில் அங்கிருந்தே போய்விடலாம்.

"தப்பான பஸ்ஸுன்னு உங்களுக்குத் தெரியும், இல்லீங்களா மாமா?" என்றார் என் செருப்பைப் பார்த்து.

"தெரியும்."

"அன்னிக்கு நா நம்பர மாத்தி அடிச்சதும்?"

"தெரியும்."

"கேண்டீன்னு நா சொன்னது?"

"அது அன்னிக்குத்தான் தெரியும். ஆனா நெசம்னு உடனே தெரிஞ்சிபோச்சு. சாம்பார் ஊசறதப் பத்தி யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

"அப்பறம் ஏன் மாமா?" டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நா எவ்ளோ கஷ்டப்பட்டு வாயத் தொறந்தேன் தெரியுமா? ராவெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வெச்சிருந்தேன். சொன்னதும் யாராச்சும் ஒருத்தர் 'ஏண்டா இப்படிப் பண்ண'ன்னு கேப்பாங்க, நா தலையக் குனிஞ்சி நின்னு வாங்கிக்குவேன், அதோட போயிடும்னு நெனச்சேன். நீங்க என்னாடான்னா மால போட்டுட்டீங்க. அந்தப் பாய் கட்டிப் புடிச்சாரே, அப்ப எனக்குச் செத்துடலாம்போல இருந்துச்சு."

வெள்ளாற்றைப் பார்த்தேன். அதில் மணல்தான் இருந்தது.

"உங்க வூட்ல வடைக்கு எடமிருக்குது, பாயசத்துக்கு எடமிருக்குது. நா ஒரு தப்புப் பண்றதுக்குத்தான் எடமில்ல" என்றார். "தீபாவளிக்கு நா வரல மாமா. கேண்டீன்ல லீவு கெடைக்கலன்னு அத்தகிட்ட சொல்லிடுங்க. ஆங், கேண்டீன்னு சொல்ல முடியாதில்ல. ஆபீஸ்ல லீவு இல்லன்னு சொல்லுங்க."

சென்னை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். போர்டைப் படிக்காமல்தான் ஏறினார். இந்த முறை நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். திரௌபதி அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்ணெயில் பாதி வெந்த வடைகள் அப்படியே மிதந்தன.

"உனக்குக் கேண்டீன் சமாச்சாரம் தெரியுமா?" என்று பூங்கோதையைக் கேட்டேன்.

"கல்யாணம் ஆன மறுநாளே சொன்னாரு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"அவரே உங்ககிட்ட சொல்லணும்னு மூணு தடவ வந்தாருப்பா. அவர் வாயத் தொறந்தாலே அம்மா அதுல ஒரு வடைய வெச்சிடுது."

திரௌபதி தூணைப் பார்த்து, "நா நல்லதுக்குத்தான வெச்சேன்" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சமயம் நானும் எதையாவது எடுத்து மூடிக்கொண்டிருப்பேன். தோளில் துண்டு இல்லை.

"இப்ப என்னா பண்றது?" என்றேன்.

"அவரத் திட்டுங்கப்பா."

"யார?"

"உங்க மாப்ளைய. பண்ணதுக்கு நல்லாத் திட்டுங்க. அவர் கேக்கறது அது ஒண்ணுதான்."

சொல்வது சுலபம். வாழ்நாளில் மாப்பிள்ளையைத் திட்டிப் பழக்கம் இல்லை. களிமண் மூட்டைகளுக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். மூட்டையைத் திட்ட வந்தது. மாப்பிள்ளை என்று நினைத்தவுடன் நாக்கு மடிந்துகொண்டது. எதிரில் இருந்த மூட்டைக்கே ரோஷம் வந்து தையல் பிரிந்ததே தவிர, எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைக் கப்புகளை எடுத்துப் போகப் பாய் வந்தார். அவரை உட்கார வைத்து, "அன்னிக்கு எங்க மாப்ள சொன்னது அத்தனையும் நெசம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கேண்டீன்தான் பாக்குறாரு. உங்க கப்பல அவருதான் கவுத்தாரு. நாந்தான் பூசி மெழுவி உங்கள நம்ப வெச்சேன்" என்றேன்.

பாய் மெதுவாகத் தாடியைத் தடவினார். "அப்ப அவரக் கட்டிப் புடிச்சது?"

"வீண்."

"சரி, போன போடுங்க. எம் பங்குக்கு நானும் கேக்கறேன். ஓல ஓலையா வரைஞ்ச மரமாச்சே."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். திரௌபதி கதவுக்குப் பின்னால். பூங்கோதை என் எதிரில். கொளஞ்சிநாதன் வரைகிற பேனாவை வைத்துவிட்டு வந்து நின்றார்.

"சொல்லுங்க மாமா" என்றது மாப்பிள்ளையின் குரல். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"ஏங்க மாப்ள" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானுங்களே? எவனாச்சும் நம்பர் பாக்காம அமுக்குவானுங்களா? கண்ணு என்னா பொடனிலயாங்க இருக்குது?"

"மரியாத கொறையலியே, இன்னும் கொஞ்சம் எறங்குங்க" என்று பாய் காதோரம் சொன்னார்.

"அந்த மரத்த வரைய இந்த மனுஷன் எவ்ளோ பாடுபட்டாரு தெரியுமா மாப்ள! எல்லாத்தையும் ஒரே அமுக்குல வாரிக் கொட்டிட்டியே! அதையும் மறைச்சி வெச்சிக்கிட்டு, வேல நடக்குதுன்னு ஒரு பொய்யி! வெக்கமா இல்ல உனக்கு?"

'நீ' என்று வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் எதுவோ விழுந்து உடைந்தது.

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன்.

"இருக்குது மாமா" என்றார். "ரொம்ப வெக்கமா இருக்குது. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

திட்டினேன். கொளஞ்சிநாதன் போனை வாங்கி, மயிலுக்கும் கும்பத்துக்கும் சேர்த்துத் தனியாகக் கேட்டார். பாய் தன் பங்குக்குக் கப்பலைப் பற்றிக் கேட்டார். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்து, கடைத் திறப்புக்குப் பிரியாணி எத்தனை படி போடுவது என்று மாப்பிள்ளையிடமே யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வந்து இறங்கினார். பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறி, சரியாக எங்கள் ஊரிலேயே இறங்கியிருந்தார். தெருமுனையில் வரும்போதே முகம் தெரிந்தது. மூக்கு, மீசை எல்லாம் முன்பு பார்த்த இடத்திலேயே இருந்தன. நடையில் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

திரௌபதி கதவுக்குப் பின்னால் நின்று தூணிடம் சொன்னாள்: "செருப்ப எங்க வுடணும்னுகூட யாரும் மாப்ளைக்குச் சொல்லிக் குடுக்கலியா? நடு வழியிலயா வுடறது?"

மாப்பிள்ளை திரும்பிப் போனார். செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். காது மடல் லேசாகச் சிவந்தது. நிமிர்ந்து, கதவைப் பார்த்தே சிரித்தார். "தப்புதாங்க அத்த" என்றார்.

திரௌபதி வடைத் தட்டோடு வெளியே வந்தாள். அதை அவர் கையில் கொடுக்காமல் திண்ணை மேல் வைத்துவிட்டு, "பேச வேண்டியதப் பேசி முடிச்சப்பறம் சாப்புடட்டும்" என்றாள்.

சூளைக் கதவிலிருந்து இப்போது கையை எடுத்துவிட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் பையன்கள், பெரியவனுக்கே இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.